தம்பி வண்டி பெயிண்டிங் வேலைக்குப் போகிறேன் என்கிறான்: கடலூர், பாண்டி பக்கத்து பெயிண்டர்கள் வழி சொல்லுங்கள்

1 | மஞ்சக்குப்பம் அக்கா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான். காலேஜ் வேண்டாம், செம்மண்டலம் பக்கம் ஒரு ஷெட்டில் கார், வேன் பெயிண்டிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவான், கலர் பற்றி நுணுக்கமாகப் பேசுவான். அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை, "தின்னர் வாசனையிலேயே நுரையீரல் போய்விடும்" என்கிறார். அம்மா யார் பக்கமும் பேசுவதில்லை. கடைசியில் விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

இந்த வேலையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். பிழைப்புக்கு ஆகுமா? உடம்புக்கு உண்மையிலேயே எவ்வளவு கெடுதல்? கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் பிடிக்கும்? சுற்றி வளைக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும்.

2 | பண்ருட்டிக்காரன்

அக்கா, வேண்டாம். எங்கள் சொந்தத்தில் ஒருவர் இந்த வேலைக்குப் போய் வருஷம் முழுக்க இருமிக்கொண்டிருக்கிறார். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேர்த்துவிடுங்கள்.

3 | ஷெட்காரர் கடலூர்

தங்கச்சி, நான் கடலூரில் சொந்தமாக ஷெட் வைத்து நடத்துகிறேன். உன் அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, தம்பி ஆசைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் வேலை என்ன என்று சொல்கிறேன்.

பெயிண்டர் என்றால் ஸ்பிரே கன்னைப் பிடித்து அடிப்பவர் என்று நினைத்துத்தான் பையன்கள் வருகிறார்கள். ஒரு கார் கதவை எடுத்துக்கொண்டால் கன் கையில் இருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. மீதி முழுவதும் தேய்ப்பு. டிங்கர் தட்டி நிமிர்த்திக் கொடுத்த தகட்டில் 80 நம்பர் பேப்பரால் (தேய்ப்புத் தாளால்) பழைய பெயிண்டை எடுக்க வேண்டும். பள்ளம் நிரப்பும் பட்டியை, அதை இறுகவைக்கும் ஹார்டனரோடு கலந்து இழுக்க வேண்டும். இறுகியதும் கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். பிரைமர் என்ற அடிப்பூச்சு, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. 180, 320, 400, 600 என்று பேப்பர் நைசாகிக்கொண்டே போகும். அப்புறம்தான் கலர், அதன் மேல் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர், அதற்குப் பிறகு 1500, 2000 பேப்பர், ரப்பிங், பாலிஷ்.

கண்ணுக்குத் தெரியாத பள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும். பட்டி தேய்த்த இடத்தில் ஒரு மெல்லிய துணியை வைத்து, அதன் மேல் கையைத் தட்டையாக ஓட்டிப் பார்ப்போம். துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், மேடு பள்ளம் மட்டும் உணர்வில் படும். அதிலும் சந்தேகம் வந்தால் கறுப்புப் பெயிண்டைத் தின்னரில் தண்ணியாகக் கலக்கி லேசாகத் தூவிவிட்டுக் கட்டையால் தேய்க்க வேண்டும். மேட்டில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் நிற்கும். எங்கே நிற்கிறதோ அங்கே இன்னும் ஒரு இழுப்பு பட்டி வேண்டும். இதை விட்டுவிட்டு கலர் அடித்தால், ஷெட்டுக்குள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வண்டி வெயிலில் போய் நின்றதும் டியூப் லைட் நிழல் வளைவதுபோல அலை அலையாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் வருஷம் தேய்ப்பது, பெயிண்ட் படக்கூடாத இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுவது, கன் கழுவுவது. இரண்டாம் வருஷம் உள்பக்கம், பம்பர், பிரைமர் அடிக்கலாம். கதவு மாதிரி வெளிப் பேனலில் கிளியர் அடிக்க மூன்று வருஷமாவது ஆகும். அவசரப்படுகிற பையன் தேற மாட்டான். வரைகிற பையன் என்கிறாயே, அது நல்ல அறிகுறி. கலர் மேட்சிங்கில் கண் இருக்கிறவன் பட்டினி கிடக்க மாட்டான்.

4 | மீன் லோடு 407

பெயிண்டர்கள் இருக்கிற இடம் என்பதால் என் குறையையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 407 மினி லாரி, கடலூர் முதுநகரிலிருந்து மீன் ஏற்றி ஓடுகிறது. எஃப்.சி.க்காக ஒரு ஷெட்டில் விட்டு முழு பெயிண்டிங் செய்தேன். பேர் வேண்டாம். நல்ல கம்பெனி பெயிண்ட் என்று டப்பாவைக் கூடக் காட்டினார்கள். வண்டி வெளியே வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ஆறு மாதம் தாங்கவில்லை. கதவின் கீழ்ப்பக்கமும் வீல் வளைவிலும் கடுகு கடுகாகக் கொப்புளம். கேட்டால் பெயிண்ட் கம்பெனியைக் கை காட்டுகிறார்கள். கம்பெனி பெயிண்டே இப்படி என்றால் யாரை நம்புவது?

5 | ஷெட்காரர் கடலூர்

அண்ணே, ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருக்கிறதா, துரு இருக்கிறதா, இல்லை வெறும் காற்றா?

6 | மீன் லோடு 407

கீறிப் பார்த்தேன். தண்ணீர் துளிர்த்தது. அடியில் தகடு பழுப்பாக இருக்கிறது.

7 | ஷெட்காரர் கடலூர்

அப்படியானால் டப்பாவின் மேல் பழி போட முடியாது. அடியில் உப்பு இருந்திருக்கிறது. கடலூர், தேவனாம்பட்டினம், பாண்டி கடற்கரை என்று இந்தக் கரை முழுக்க எல்லா பெயிண்டருக்கும் எதிரி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தங்கச்சியும் தம்பிக்குப் படித்துக் காட்டட்டும்.

பெயிண்ட் படலம் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. ஈரம் ஆவியாக உள்ளே கொஞ்சம் போகத்தான் செய்யும். அடியில் சுத்தமான தகடு இருந்தால் அந்த ஈரம் வந்த வழியே போய்விடும். உப்பு இருந்தால் போகாது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி தானே கசிவதுபோல அது ஈரத்தைப் பிடித்து வைத்து, இன்னும் இழுக்கும். தண்ணீர் சேர்ந்து படலத்தைத் தூக்கும், அதுதான் கொப்புளம். அதற்குள்ளேயே துருவும் தொடங்கும். மேலே எத்தனை கோட் கிளியர் அடித்தாலும் இது நிற்காது.

உங்கள் வண்டிக்கு உப்பு மூன்று வழியில் வரும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிந்து மடிப்புகளில் தேங்குவது ஒன்று. தேய்த்த தகட்டை வேர்வைக் கையால் தொடுவது இரண்டாவது. ஐந்து விரல் பதிந்த இடத்தில் ஐந்து விரல் வடிவத்தில் கொப்புளம் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதுதான் யாரும் கவனிக்காதது: தேய்க்கும் தண்ணீர். கரையோரத்தில் பல போர்வெல்களில் தண்ணீர் உவர்ப்பு. அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, அதே தண்ணீரை ஊற்றிக் கழுவிக் காயவிட்டால், உப்பை நாமே பூசியதாக ஆகிவிடும்.

பட்டியை ஈரத்தில் தேய்ப்பதே தப்பு. பாலியஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும். பட்டியைக் காய்ந்த நிலையில்தான் தேய்க்க வேண்டும், தூசுக்கு மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். ஈரத் தேய்ப்பு பிரைமருக்கு மேலேதான். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

அப்புறம் கம்ப்ரஸர். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொட்டியில் இறங்கும். காலையில் அடி வால்வைத் திறந்துவிடாமல் அடித்தால் அந்தத் தண்ணீர் கன் வழியே வரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பெயிண்ட் கம்பெனித் தாளிலேயே போட்டிருக்கும். கோடையில் மதியவாக்கில் கடல்காற்று திரும்பிவிடும். அதற்கு முன்னால், வெயில் ஏறி ஈரம் உலர்ந்த முற்பகல் நேரத்தில் கலரை முடித்துவிடுவது என் வழக்கம். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுத்தான் கன்னைத் தொடுவேன்.

அண்ணே, உங்கள் வண்டிக்கு இப்போது வழி ஒன்றுதான். கொப்புளம் வந்த இடத்தைத் தகடு தெரியும் வரை எடுத்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, காயவைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். ராத்திரி முழுக்க வெறும் தகடாக விட்டுவைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். இந்த வேலைக்குக் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். பளபளப்புக்குக் காசு கொடுக்கிறவர்கள் கழுவுகிற வேலைக்கும் காயவைக்கிற நேரத்துக்கும் கொடுப்பதில்லை. அந்த நேரத்தைத்தான் ஷெட்டுகளில் வெட்டிவிடுகிறார்கள்.

8 | முதுநகர் துறைமுகம்

ஷெட்காரர் சொன்னது படகுக்கும் அப்படியே. நான் படகு பெயிண்டிங் செய்கிறவன். எங்களுக்கு அறுவடை மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அத்தனை படகும் கரையேறும். சிப்பி சுரண்டி, கழுவி, அடிப்பெயிண்ட், பாசி பிடிக்காத பெயிண்ட், பதிவெண் எழுதுவது என்று அந்த இரண்டு மாதமும் மூச்சு விட நேரமிருக்காது. அதே நேரத்தில்தான் ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஸ்கூல் பஸ்களை ஆர்.டி.ஓ. அதிகாரிகள் சோதனை போடுவார்கள். மே மாதம் பஸ்களும் வந்து நிற்கும். ஆள் கிடைக்காது, கூலி ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு பக்கமும் படுத்துவிடும். தங்கச்சி கேட்டது பிழைப்பு. ஏப்ரல், மே சம்பாத்தியத்தில் கொஞ்சத்தை மழைக்காலத்துக்கு எடுத்து வைக்கத் தெரிந்தால் பிழைப்பு உண்டு.

படகில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருப்பார்கள். கடல்தண்ணீரில் இரும்புக்குப் பதில் அது அரிபட்டுக் கரையும். புதுப் பையன்கள் அழகாக இருக்கட்டும் என்று அதன்மேலும் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அடித்துவிட்டால் அது வேலை செய்யாது, படகின் அடித்தகடுதான் அரிபடும். மாஸ்கிங் டேப் முதலில் அங்கேதான் ஒட்ட வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்டன. அதில் துரு இல்லை, ஆனால் வெயிலில் மேல்பூச்சு வெளுத்து மாவு உதிரும். அதைச் சரியாகத் தேய்க்காமல் மேலே அடித்தால் தகடு தகடாக உரிந்து வரும்.

ஒரு எச்சரிக்கை. பழைய படகுகளில் பழைய கால ஈயப் பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும். அதைக் கிரைண்டரால் காயத் தேய்க்கவே கூடாது. தூசு முழுக்க ஈயம். நனைத்துத்தான் எடுக்க வேண்டும், வீட்டுக்குப் போகும் முன் சட்டையை மாற்ற வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

9 | பண்ருட்டிக்காரன்

ஈயத்தைத் தான் அரசாங்கம் தடை செய்துவிட்டதே?

10 | பாண்டி பாடிஷாப்

வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். அந்த விதி 2016-இல் வந்தது, 2017 நவம்பர் 1 முதல் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் ஈயம் இருக்கக்கூடாது. வண்டிக்கும் தொழிற்சாலைக்கும் போகும் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் லெட் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கூல் பஸ் மஞ்சளைத் தேய்க்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டப்பா வாங்கும்போது ஈயம் இல்லாதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

என்னைப் பற்றி: பாண்டியில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரின் பாடிஷாப்பில் பெயிண்டர். ஷெட்டிலும் இருந்திருக்கிறேன், இங்கேயும் இருக்கிறேன், அதனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். இங்கே அடைத்த பூத் இருக்கிறது. மேலிருந்து வடிகட்டிய காற்று இறங்கி, தரை வழியாக புகையை இழுத்துக்கொண்டு போகும். அடித்து முடித்ததும் 60 டிகிரியில் அரை மணி நேரம் சுடவைப்போம். கடல்காற்று, தூசி, மழை எதுவும் பாதிக்காது. மழைக்காலத்திலும் வேலை உண்டு, மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் பேனல் கணக்குத் துரத்தும். ஒரு நாளைக்கு இத்தனை பேனல் என்று சூப்பர்வைசர் போர்டில் எழுதிவிடுவார்.

கற்றுக்கொள்ள எது நல்லது என்று கேட்டால், ஷெட் என்றுதான் சொல்வேன். இங்கே ஒருவர் பட்டி, ஒருவர் மாஸ்கிங், ஒருவர் கன் என்று பிரித்துவிடுவார்கள். ஷெட்டில் எல்லாமே ஒரு கை வழியாகப் போகும். அங்கே இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தால் மதிப்பு.

கலர் மேட்சிங் பற்றி ஷெட்காரர் அண்ணன் தொட்டார். மெட்டாலிக் சில்வர்தான் இருப்பதிலேயே கஷ்டம். வண்டியில் போட்டிருக்கும் கலர் கோடு சரியாக இருக்கும், மெஷினில் கலந்ததும் சரியாக இருக்கும், அடித்தால் பொருந்தாது. அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறது என்பதில்தான் எல்லாம். ஈரமாக, கனமாக அடித்தால் துகள் அமிழ்ந்து கலர் கறுக்கும். தள்ளி நின்று உலர்வாக அடித்தால் மேலே நின்று வெளுக்கும். அதே டப்பா, அதே கன், கை மாறினால் கலர் மாறும். அதனால்தான் கதவுக்கு அடித்தால் பக்கத்து ஃபெண்டரில் பாதி வரை கலரை மங்கலாக ஓட்டிவிட்டு, முழுதுக்கும் கிளியர் அடிக்கிறோம். கண் ஏமாற வேண்டும் என்று அல்ல, ஓரம் என்று ஒன்று இருக்கக்கூடாது என்பதற்காக.

மீன் லோடு அண்ணனுக்கு ஒன்று. வாகன இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. பெயிண்டிங் பில் மொத்தமாகப் போட்டிருந்தால் அதில் 25 சதவீதம்தான் மெட்டீரியல் என்று எடுத்துக்கொண்டு, அதில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 10,000 ரூபாய் பில் என்றால் 2,500 மெட்டீரியல், அதில் 1,250 கழியும். அதாவது மீதி 7,500 கூலி என்று இன்சூரன்ஸ்காரரே ஒத்துக்கொள்கிறார். வண்டிக்காரர்கள் எந்த பிராண்ட், எந்த டப்பா என்று அந்தக் கால்பங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எப்படிக் கழுவினீர்கள், எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள் என்று முக்கால்பங்கைப் பற்றிக் கேட்பதில்லை.

11 | வில்லியனூர் செவிலியர்

நான் நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை பார்த்தவள். பெயிண்டர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். மஞ்சக்குப்பம் தங்கை கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

அப்பா தின்னர் வாசனையைச் சொல்கிறார். தின்னரும் கெடுதல்தான். தலைவலி, மயக்கம், நரம்புக் கோளாறு, மலிவுத் தின்னரில் மெத்தனால் கலந்திருந்தால் கண்ணுக்கே ஆபத்து. ஆனால் இன்றைய ஷெட்டுகளில் அதைவிடப் பெரிய ஆபத்து வாசனை தெரியாமல் வருகிறது. டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்ட்), கிளியர் கோட் இரண்டிலும் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. காற்றில் ஆபத்தான அளவு இருந்தாலும் மூக்கு அதைக் காட்டிக் கொடுக்காது. அது சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கிவிடும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளி பட்டாலே ஆஸ்துமா கிளம்பும். மருந்து அடக்கி வைக்கும், குணமாக்காது. வேலையை விடுவதுதான் வழி என்று ஆகிவிடும். இருபத்தைந்து வயதில் கைத்தொழில் கைக்கு வந்த நேரத்தில் அதை விட்டுப் போன பையனைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலை நேரத்தில் பலருக்கு ஒன்றும் இருக்காது. சாயங்காலமோ ராத்திரியோ நெஞ்சு இறுக்கும், விசில் சத்தத்தோடு மூச்சு வரும், இருமல் எழுப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவில் சரியாகிவிடும். வேலைக்குத் திரும்பியதும் மறுபடி வரும். இந்தப் போக்கு தெரிந்தால் சளி மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்காமல் கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய், "நான் டூ-கே பெயிண்ட் அடிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989-லேயே பெயிண்டர் தொழிலைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் நாட்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தில், கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஐசோசயனேட் நச்சும் இருக்கிறது. சின்ன ஷெட்டுகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அதனால் அங்கே நோய் வந்தால் யாரும் எழுதிவைப்பதில்லை.

12 | வெள்ளை வேன்

செவிலியர் அம்மா, நான் பல வருஷமாக அடிக்கிறேன். மூக்கில் கைக்குட்டை கட்டுவேன், வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடுவேன். பெயிண்ட் எல்லாம் வயிற்றோடு போய்விடும். எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் குரு சொல்லிக்கொடுத்தது இது.

13 | வில்லியனூர் செவிலியர்

ஐயா, உங்கள் குருவை மதிக்கிறேன். வெல்லமும் பழமும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அவை போவது இரைப்பைக்கு. பெயிண்ட் போவது நுரையீரலுக்கு. அங்கே போனதை வாழைப்பழம் வெளியே இழுக்க முடியாது. கைக்குட்டை பெரிய துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கொரோனா காலத்து என்-95 மாஸ்க்கும் அப்படியே, தூசுக்குத்தான் ஆகும். ஆவிக்குக் கரித்தூள் நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். டூ-கே தொடர்ந்து அடிக்கிறவர்களுக்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று குழாய் வழியாக வரும் மாஸ்க்தான் சரி. உங்களுக்கு ஒன்றும் வராதது நிம்மதி. எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் பயம்.

14 | ஷெட்காரர் கடலூர்

அம்மா சொல்வது முழுக்கச் சரி. வெள்ளை வேன் அண்ணனும் என்னைப் போல என்.சி. பெயிண்ட் காலத்து ஆளாக இருப்பார். அந்தப் பெயிண்டில் ஹார்டனர் கிடையாது, தின்னர் பறந்தால் காய்ந்துவிடும். நம் குருமார்கள் சொன்னதெல்லாம் அந்தப் பெயிண்டுக்கு. பெயிண்ட் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கில் கவனிக்க வேண்டியது: வேலை முடிந்ததும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் மூடி வைக்க வேண்டும். ஆணியில் தொங்கவிட்டால் ஷெட் காற்றையே ராத்திரி முழுக்க உறிஞ்சிக்கொண்டு கிடக்கும், காலையில் போட்டால் பயன் இல்லை. தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது. மாஸ்க்குக்கு உள்ளே வாசனை தெரிந்தபின் மாற்றலாம் என்று இருக்கவும் கூடாது, ஐசோசயனேட்டுக்குத்தான் வாசனையே தெரியாதே. தேதி எழுதி வைத்து மாற்ற வேண்டும். அப்புறம் தின்னரில் கை கழுவுகிற பழக்கம். அதை முதல் நாளே விட வேண்டும். தோல் வழியாகவும் உள்ளே போகும். சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போட்டால் போய்விடும்.

15 | எழுத்துப் பெயிண்டர் திருப்பாதிரிப்புலியூர்

எல்லோரும் பெயிண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். எழுத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் வருகிறேன். லாரி, பஸ், நம்பர் பிளேட் எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றியவன். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த புது வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கம்பெனியிலிருந்தே வருகிறது. அந்த வருமானம் அன்றோடு போயிற்று. பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் பிளாட்டர் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள்.

ஆனாலும் தம்பிக்குக் கை இருக்கிறது என்றால் எழுத்தையும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். படகில் ஸ்டிக்கர் நிற்காது. ஐ.என்.டி. - டி.என். என்று தொடங்கும் பதிவெண் தூரத்திலிருந்து தெரியும்படி இரண்டு பக்கமும் இருந்தாக வேண்டும், அது இன்னும் கையெழுத்துதான். லாரி பாடியில் ஆணித்தலையும் மடிப்பும் இருக்கிற பலகையில் ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொள்ளும்.

சாக்குத்தூள் தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் தகட்டில் நேர்க்கோடு விழும். அந்த இரண்டு கோட்டுக்குள் 'ழ' வை உட்கார வைத்துப் பாருங்கள். கீழே சுழிக்கும் வாலுக்கு இடம் விட்டால் தலை சின்னதாகப் போகும், தலையைப் பெரிதாக்கினால் வால் கோட்டைத் தாண்டும். 'கடலூர்' எழுதுவதைவிட 'பாதிரிப்புலியூர்' எழுதுவது கஷ்டம், மேலே எத்தனை சுழி, எத்தனை புள்ளி! இடைவெளியை ஸ்கேலில் அளக்க முடியாது, கண்ணில்தான் அளக்க வேண்டும். என்னிடம் பிரஷ்கள் இருக்கின்றன. அந்தப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும், காசு வேண்டாம்.

16 | மஞ்சக்குப்பம் அக்கா

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. செவிலியர் அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "நான் சொன்னேனா இல்லையா" என்றார். ஷெட்காரர் அண்ணன் எழுதியதைத் தம்பி இரண்டு முறை படித்தான். துணி வைத்துத் தடவிப் பார்க்கிற விஷயத்தை உடனே சைக்கிள் மட்கார்டில் செய்து பார்க்கிறான்.

இப்போது என் கேள்வி: ஒரு ஷெட்டைப் போய்ப் பார்த்தால் நல்ல ஷெட்டா இல்லையா என்று என்னைப் போல வெளியாள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சான்றிதழ் படிப்பு ஏதாவது இருக்கிறதா?

17 | பாண்டி பாடிஷாப்

படிப்பு இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் ஆட்டோ பாடி பெயிண்டிங்' என்று ஒரு வருஷப் பாடப்பிரிவு. எந்த ஐ.டி.ஐ.யில் நடக்கிறது என்று சேர்க்கை நேரத்தில் விசாரியுங்கள். கம்பெனி பாடிஷாப்பில் சேர அந்தச் சான்றிதழ் உதவும். உலகத் திறன் போட்டியில் கார் பெயிண்டிங் தனிப் பிரிவாகவே இருக்கிறது, வரைகிற பையனுக்கு அதைச் சொல்லுங்கள்.

18 வயது முடிந்ததும் நல வாரியத்தில் பதியச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 'அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம்' என்று ஒன்று இருக்கிறது. ஷெட் வேலைக்காரர்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். வண்டியின் கலரையே மாற்றச் சொல்லி வந்தால், ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ராணுவ ஆலிவ் பச்சை தனியார் வண்டிக்கு அடிக்கவே கூடாது.

18 | ஷெட்காரர் கடலூர்

வெளியாள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். உள்ளே நுழைந்ததும் கன் அடிக்கிற ஆளின் முகத்தைப் பார். மாஸ்க் இல்லாமல், பக்கத்தில் பையன்கள் டீ குடித்துக்கொண்டு நின்றால் திரும்பி வந்துவிடு. தின்னர் கேன் மூடியிருக்கிறதா, வெல்டிங் எங்கே நடக்கிறது என்று பார். ஒரே கூரையின் கீழே ஒரு மூலையில் டிங்கர் பொறி பறக்க வெல்டிங் செய்ய, மறு மூலையில் தின்னர் திறந்து கிடந்தால் அங்கே வேலை கற்றுக்கொள்ளத் தேவையில்லை. காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழி இருக்கிறதா? தீயணைப்பு சிலிண்டர் இருக்கிறதா? அப்புறம், தேய்க்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் பையனை விடலாம்.

கடைசி வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வந்ததா என்று அங்கிருக்கும் ஹெல்பரிடம் தனியாக விசாரி. இதை விட்டுவிடாதே.

19 | மீன் லோடு 407

நான் வேறு ஷெட்டில் விட்டிருக்கிறேன். அண்ணன் சொன்னபடி கழுவுகிற கூலியைத் தனியாகப் பேசினேன். அந்தப் பெயிண்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை" என்றார். மூன்று நாள் கூடுதலாக ஆகும் என்கிறார், ஆகட்டும் என்றேன்.

20 | மஞ்சக்குப்பம் அக்கா

செம்மண்டலம் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அப்பாவும் வந்தார். மாஸ்க் ஒன்றுதான் இருக்கிறது, அதை முதலாளி மட்டும் போடுகிறார். வெல்டிங் பின்பக்கம் தனியாக நடக்கிறது. தண்ணீர் போர் தண்ணீர்தான், கேட்டதற்கு "நக்கிப் பார்த்தால் உப்பு தெரியாது" என்றார், ஆனால் கோபப்படவில்லை. ஹெல்பர் பையனுக்குக் கூலி ஒழுங்காக வருகிறது. தம்பிக்கு மாஸ்க் நாங்களே வாங்கிக் கொடுத்தால் போட விடுவீர்களா என்று அப்பாவே கேட்டார். தாராளமாக என்றார். இங்கே சேர்க்கலாமா, வேண்டாமா?

21 | ஷெட்காரர் கடலூர்

அப்பாவே கேட்டாரா, நல்லது. தங்கச்சி, நாக்கை நம்ப வேண்டாம். வாட்டர் ஃபில்டர் விற்கிற கடைகளில் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும், பேனா அளவுதான். போர் தண்ணீரில் முக்கிப் பார்த்து எண்ணை அவரிடமே காட்டச் சொல். 500-க்கு மேல் ஓடினால் கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வைக்கச் சொல்லட்டும், ஒரு வண்டிக்கு இரண்டு கேன் போதும். பேச்சைத் தன்மையாகத் தொடங்கச் சொல், ஹெல்பராகப் போகிறவன் முதல் நாளே முதலாளிக்குப் பாடம் எடுப்பதாக ஆகக்கூடாது.

மாஸ்க் வாங்கும்போது தம்பியைக் கூட்டிக்கொண்டு போ, முக அளவு பார்த்து வாங்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் பெயிண்ட் ஆவிக்கானது (ஆர்கானிக் வேப்பர்) என்று போட்டிருக்க வேண்டும், அதன் முன்னால் தூசு வடிகட்டி பொருத்தும்படி இருக்க வேண்டும். முதல் வருஷம் அவன் தேய்க்கத்தான் போகிறான், கன் பிடிக்க மாட்டான். ஆனாலும் முதலாளி கிளியர் அடிக்கும்போது அதே கூரைக்குள் நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும், அடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே போகக்கூடாது. அதற்கு அவர் ஒத்துக்கொண்டால் சேர்த்துவிடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு இங்கேயே தனிச்செய்தி அனுப்பு.

22 | எழுத்துப் பெயிண்டர் திருப்பாதிரிப்புலியூர்

ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லுங்கள் அம்மா. பழைய தகரம் ஒன்று எடுத்து வரட்டும்.